பயணத்தின் நோக்கம்

2024ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, சாய்ந்தமருதைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மீன் வியாபாரி. மூத்த மகள் என்னிடம் படித்தவள். இப்போது அவளும் ஓர் ஆசிரியை. அவளுக்குக் காவின் எழுதி ஒன்றரை வருடமாகிறது. மாப்பிள்ளை மருதமுனைக்காரர். பல வருடங்களுக்கு முன்பே பிரித்தானியா சென்று, அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் பெற்றவர். கலியாணத்துக்காக மூன்று வார விடுமுறையில் வந்தார். வலீமாவும் விருந்துகளும் முடிந்ததும் திரும்பிப் போனார். வாப்பா கட்டிக் கொடுத்த புது வீட்டில் அவள் உம்மாவோடு படுத்துறங்குகிறாள்.

தேநீர் வந்தது. நண்பர் இரண்டு காகிதக் கட்டுகளை என் முன் வைத்தார். ஒன்று, கணவனுடன் சேர்ந்து வாழச் செல்லும் மனைவிக்கான வீசா பற்றியது. அதற்கு மாப்பிள்ளையின் சம்பளம் போதாது. மற்றையது மாணவர் வீசா. முகவர் ஒருவர் எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாலைந்து மாதத்தில் போய்விடலாமாம். ஒரேயொரு காரியம்தான் செய்யவேண்டும்: திருமணமானவரா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதவேண்டும்.

"சேர், நீங்க படிச்ச மனிசன். எந்த வழியால போறது நல்லம்? இப்படி எழுதினா அது பொய்யா?" என்று கேட்டார்.

வீட்டுக்குள்ளே கதவு நிலையைப் பிடித்தபடி மகள் நின்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை நானும் சரியான பதில் எதையும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த யோசனைதான் இக்கட்டுரை.

*

கேள்வி பெரியதாகத் தோன்றாது. ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறு கட்டம். அதில் ஒரு சொல். ஊரில் பலர் இதைப் பொய் என்றே கருதுவதில்லை. "வெள்ளைக்காரன்ட பேப்பர்தானே" என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். எனினும் அந்த நண்பர் பள்ளிவாசலிலிருந்து வந்த ஈரம் காயாத கைகளோடு இதைக் கேட்டார். அவருக்கு அது உறுத்தியிருக்கிறது. உறுத்தும் ஒரு விடயத்தை எளிதாகக் கடந்துபோகச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

வீசா விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ஏதோவொரு வடிவில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் பயணத்தின் நோக்கம் என்ன? நோக்கம் என்ற சொல்லை அரபியில் சொல்லிப் பார்த்தால் நாம் மதரசாவில் முதன்முதலாகப் படித்த பாடம் நினைவுக்கு வரும். நிய்யத். ஸஹீஹுல் புகாரியின் முதலாவது ஹதீஸ் அதுதான். இமாம் நவவி தொகுத்த நாற்பது ஹதீஸ்களிலும் அதுவே முதலாவது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற அதன் முற்பகுதியை நாம் எல்லோரும் அறிவோம். பிற்பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆச்சரியமான விடயம் என்னவென்றால், அந்தப் பிற்பகுதி குடிபெயர்வு பற்றியதாகும். அல்லாஹ்வுக்காகவும் அவனது தூதருக்காகவும் ஹிஜ்ரத் செய்பவரின் ஹிஜ்ரத் அதுவாகவே ஆகும். உலக இலாபத்துக்காகவோ, ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ புறப்பட்டவரின் ஹிஜ்ரத்தும் அவர் எதை நாடினாரோ அதுவாகவே ஆகும் என்பது அதன் கருத்து.

இந்த ஹதீஸை விளக்கும்போது உம்மு கைஸ் என்ற பெண்ணை மணப்பதற்காக மதீனாவுக்கு வந்த ஒருவரின் கதையை நமது உலமாக்கள் சொல்வதுண்டு. அந்தச் சம்பவம்தான் ஹதீஸ் சொல்லப்பட்டதற்குக் காரணம் என்பதற்கு அறிவிப்புகளில் தெளிவான ஆதாரம் எதையும் தான் காணவில்லை என்று இமாம் இப்னு ஹஜர் பத்ஹுல் பாரியில் குறிப்பிடுகிறார். எனினும் கதை நிலைத்துவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் சற்றுக் குறைவானவராகக் காட்டப்படுகிறார். பெண்ணுக்காகப் பயணம் போனவர்.

ஹதீஸைப் பொறுமையாக நோக்கினால் வேறொன்று தெரிகிறது. திருமணம் செய்வதற்காகப் பயணம் போவது குற்றம் என்று அதில் சொல்லப்படவில்லை. திருமணம் ஹலாலான காரியம்; அதற்கான பயணமும் அப்படியே. ஒன்றை நாடிப் புறப்பட்டு, அதற்கு மற்றொன்றின் பெயரைச் சூட்டிக்கொள்வதுதான் பிழை. "நான் ஒரு பெண்ணை மணக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுபவரை யாரும் குறை கூறப்போவதில்லை.

சாய்ந்தமருதில் என் முன் வைக்கப்பட்ட காகிதக் கட்டு இதன் மறுபக்கம். இவளும் ஹலாலான ஒரு நோக்கத்துக்காகவே போகிறாள். கணவனிடம் போகிறாள். அதைவிட மறைக்க அவசியமில்லாத நோக்கம் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அதைத்தான் மறைக்கச் சொல்கிறார்கள்.

*

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. அதைச் சரியாகச் சொல்லாமல் மறுப்பது நேர்மையாகாது.

கேள்வி கேட்பவனே அநியாயக்காரனாக இருந்தால் என்ன செய்வது? கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதற்கு ஓர் அரசு விலை குறிப்பிடுகிறது. 2012 ஜூலையில் பிரித்தானியா அந்த விலையை வருடத்துக்கு 18,600 பவுண் வருமானம் என்று நிர்ணயித்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண் ஆனது. நமது மாப்பிள்ளை ஒரு களஞ்சியசாலையில் முழுநேரம் வேலை செய்தும் 24,000 பவுண்தான் உழைக்கிறார். மனைவி இங்கே ஆசிரியையாக உழைக்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் வேண்டும். வீசாக் கட்டணம் வேறு; 2024 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 1,035 பவுண் வீதம் சுகாதார வரி வேறு. முதல் வீசாவுக்கு அது மட்டுமே 3,105 பவுண். மருதமுனைத் தறியில் நெய்த எத்தனை சாரன்களை விற்றால் அந்தத் தொகை தேறும் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கதவு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததுமில்லை. 1980களில் அந்த நாடு, அங்கே வசிக்கும் ஆண்கள் மனைவியரை வரவழைப்பதை அனுமதித்து, பெண்கள் கணவரை வரவழைப்பதைக் கட்டுப்படுத்தியது. மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்துல் அஸீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற அவர்களின் பெயர்களாலேயே வழக்கும் அறியப்படுகிறது. 1985 மே 28இல் தீர்ப்பு வந்தது. பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டப்பட்டுள்ளது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தம்பதியர் எந்த நாட்டில் வாழ விரும்புகிறார்களோ அதை மதித்தே ஆகவேண்டிய பொதுக் கடமை ஓர் அரசுக்கு இல்லை என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அந்த அரசு செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கணவர்களுக்கான கதவை அகலத் திறந்து பாரபட்சத்தை நீக்கவில்லை. மனைவியருக்கான கதவையும் அதே அளவுக்குச் சுருக்கி நீக்கியது.

அந்தக் காலத்தில் விண்ணப்பதாரர், தான் திருமணம் செய்ததன் முதன்மை நோக்கம் அந்த நாட்டுக்குள் நுழைவது அல்ல என்று நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. நிய்யத்தை ஒரு மேசைக்கு இப்பால் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். அதுவும் இல்லாத ஒன்றை இல்லையென்று நிரூபிக்க வேண்டும். 1997 ஜூனில் அந்த விதி கைவிடப்பட்டது. பதினைந்து வருடங்களின் பின் வருமான விதி வந்தது. மனதை அளக்க முயன்று தோற்றவர்கள் பின்னர் பணப்பையை அளக்கத் தொடங்கினார்கள் என்று ஒருவர் கோபத்தோடு சொன்னால், அவரோடு நான் வாதாட மாட்டேன்.

இது ஐரோப்பாவின் கதை மட்டுமல்ல. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நமது கரையோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனது வளைகுடாவுக்கு. நம்மோடு ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் அந்த நாடுகளும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் வந்த விதிப்படி, குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். சவூதி அரேபியா 2017 ஜூலையில், கூட இருக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய அறவீடு 2020இல் 400 ரியாலானது. சாரதியாகவும் கூலியாளாகவும் போன நம்மவர்கள் முப்பது வருடத் திருமணத்தில் எத்தனை மாதங்கள் மனைவியோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிட்டால், அந்தக் கணக்கு நம்மை வெட்கப்படுத்தும்.

ஆகவே சட்டம் கடுமையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு தம்பதியின் அன்பைச் சம்பளத்தால் நிறுப்பது அநீதி என்றும் கருதுகிறேன். அநீதியான கேள்விக்குப் பொய்யான பதில் சொல்லலாமா என்பதே மிஞ்சும் கேள்வி.

*

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நாவின் தீங்குகள் பற்றிப் பேசுமிடத்தில் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார். பேச்சு என்பது நோக்கங்களை அடைவதற்கான வழி. நல்லதொரு நோக்கத்தை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றிருந்தால் அங்கே பொய் ஹராம். பொய்யால் மட்டுமே அடைய முடியும் என்றிருந்தால் நோக்கத்தின் தரத்தைப் பொறுத்துப் பொய்யும் ஆகுமாகலாம். அநியாயக்காரனிடமிருந்து ஓர் உயிரைக் காக்கும் பொய் இந்த வகையைச் சேர்ந்தது.

நமது விடயத்தில் உண்மையான வழி மூடப்பட்டிருக்கிறதா? இல்லை, அது நீண்டது. மாப்பிள்ளை இன்னொரு வேலை தேடலாம், மேலதிக நேரம் உழைக்கலாம், ஒன்றிரண்டு வருடம் பொறுக்கலாம். நீண்ட வழி இருக்கிறது என்பதற்கும் வழியே இல்லை என்பதற்கும் வித்தியாசமுண்டு. உயிருக்கு அஞ்சி ஓடிவரும் அகதியின் பொய்யையும் நாலைந்து மாதத்தில் போய்விட விரும்புபவரின் பொய்யையும் ஒரே தராசில் வைப்பது அகதிக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. வேற்று நாட்டின் அனுமதியோடு அங்கே நுழைபவர், அந்த அனுமதிக்குப் பதிலாகத் தாமும் ஒரு வாக்குறுதி அளித்தவராகிறார் என்பது நமது பிக்ஹு நூல்கள் அமான் பற்றிக் கூறுவதன் சாரம். எதிரி நாடாக இருந்தாலும் அபயம் பெற்று நுழைந்தவர் அங்கே மோசடி செய்யலாகாது. வீசாவை நமது காலத்தின் அமான் என்று கொள்வதில் தவறிருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் பொய்யைப் பற்றிப் பொதுவாகச் சொல்லக்கூடியவை. இந்தப் பொய்யில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. வயதை மாற்றியோ பரீட்சைப் பெறுபேற்றைக் கூட்டியோ எழுதச் சொல்லவில்லை. நிக்காஹ்வை இல்லையென்று எழுதச் சொல்கிறார்கள். நிக்காஹ் என்பதே பகிரங்கம். இரண்டு சாட்சிகள் வேண்டும்; ஊருக்குத் தெரியவேண்டும்; அதற்காகத்தான் வலீமா. இரகசியமாக நடக்கும் ஆண்-பெண் உறவிலிருந்து திருமணத்தைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகிரங்கமே. ஊர் கூடிச் சாட்சி சொன்ன ஒன்றை அந்தப் பெண்ணே தன் கையால் மறுத்து எழுதுகிறாள். பிறகு அந்த மறுப்பிலேயே அவள் வாழவேண்டும். ஆபத்திலிருந்து தப்பச் சொல்லும் பொய் ஒருமுறையோடு முடிந்துவிடும். இந்தப் பொய்யைக் கல்லூரியிலும் வேலைத்தலத்திலும் அடுத்த விண்ணப்பத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

*

இதில் 'கையால் எழுதுகிறாள்' என்ற இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது, திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு இடமளிக்கவில்லை. வலி ஒப்பமிட்டார், மணமகன் ஒப்பமிட்டார். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளிக்கும் வரையிலும் அதன் பின்னரும் இதைப் பற்றி நாம் விவாதித்துக்கொண்டிருந்தோம். அதன் விளைவு என்னவென்றால், நமது பெண்கள் பலர் தமது திருமணத்தைப் பற்றித் தாமே ஒப்பமிடும் முதலாவது காகிதம் ஒரு வெளிநாட்டின் வீசா விண்ணப்பமாக இருக்கிறது. அந்த முதல் ஒப்பமே தான் மணமாகாதவள் என்று சொல்வதாக இருக்கவேண்டுமா?

பொய்யின் விலையைச் செலுத்தப்போவதும் அவள்தான். முகவர் தன் தரகை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாப்பிள்ளைக்கு அங்கே நிரந்தர வதிவிடம் இருக்கிறது. அவள் பின்னர் மனைவி என்ற அடிப்படையில் வீசாவை மாற்றப்போகும்போது காவின் எழுதிய திகதியே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஏமாற்றியதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் பத்து வருடத் தடை விதிக்கப் பிரித்தானிய விதிகளில் இடமிருக்கிறது. சுற்றுலா வீசாவில் போய் அங்கேயே மனைவியாக மாறலாம் என்று சொல்பவர்களையும் நம்பவேண்டாம். பார்வையாளராக நுழைந்தவர் உள்ளிருந்தபடி அப்படி மாற விதிகள் அனுமதிப்பதில்லை.

இதைவிடக் கனமான ஒன்று. மனைவி என்ற வீசாவில் போன ஒரு பெண், கணவனின் வன்முறையால் திருமணம் முறிந்தால், கணவனில் தங்கியிராமல் தானே நிரந்தர வதிவிடம் கோரும் ஏற்பாடு 2002இல் அந்நாட்டு விதிகளில் சேர்க்கப்பட்டது. மாணவி என்று போனவளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நல்ல மாப்பிள்ளைதான், அல்லாஹ் பாதுகாப்பான். ஆனாலும் ஒரு பொய்யின் மேல் நிற்கும் பெண், அடிபட்டாலும் வாய் திறக்க அஞ்சுவாள். அந்தப் பொய் அவள் கணவனுக்கும் தெரியும். அவர்கள் இருவரில் ஒருவர் கையில் அது ஆயுதமாகும் என்றால், எவர் கையில் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

*

இரண்டு வழிகளைப் பற்றியே பேசுகிறோம். மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது நம் ஊரின் வழி. அதை நாம் வழியாகவே நினைப்பதில்லை.

கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். குடி தாய்வழியில் வரும். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். நமது வாப்பாமார் மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே வாழ்நாள் முழுக்க உழைத்துக் கூன் விழுகிறார்கள். அதன் சுமையையும் கைக்கூலியின் கொடுமையையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பெண் தன் உம்மாவின் அருகிலேயே, தன் பெயரிலுள்ள வீட்டில் வாழ்ந்தாள் என்பது சிறிய விடயமல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அந்த வீடுகளைக் கொண்டுபோனது. பின்னர் நிவாரண வீடுகள் வந்தபோது, கிழக்கில் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டு, வீடும் அவன் பெயருக்குப் போனது. படிவம் தயாரித்தவர்களுக்கு நமது வீடு எவருடையது என்று தெரிந்திருக்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

வீசாப் படிவத்திலும் அதுவே நடக்கிறது. மனைவி போகவேண்டும், கணவன் அழைக்கவேண்டும் என்று நாமே முன்கூட்டி எழுதிக்கொள்கிறோம். அவர் வரமுடியாதா என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்பது இலகுவுமல்ல. 2022இல் இந்த நாடு வங்குரோத்தானபோது 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். போனவரைத் திரும்பி வா என்று அழைக்க நமக்கு வாய் கூசுகிறது. அவருக்கு அங்கே கடன் இருக்கலாம், தம்பிமார் படிக்கலாம். அவர் வரமாட்டேன் என்று சொல்லக்கூடும். அதில் நியாயமும் இருக்கக்கூடும். எனினும் கேட்கப்படாத கேள்விக்கு நாமே பதிலை எழுதிவிடக் கூடாது.

ஹன்பலி மத்ஹபில், தன்னை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பெண் நிபந்தனையிட்டு மணம் முடிக்கலாம்; கணவன் அதற்குக் கட்டுப்பட்டவன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அந்த நிபந்தனை கணவனைக் கட்டுப்படுத்தாது. மத்ஹபை மாற்றும்படி நான் சொல்லவரவில்லை. எங்கே வாழ்வது என்பது திருமணத்துக்கு முன்பே பேசப்படவேண்டிய விடயம் என்பதை அந்த இமாம்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். நமது கலியாணப் பேச்சில் வீட்டின் சதுர அடி பேசப்படுகிறது, நகையின் பவுண் பேசப்படுகிறது. எந்த வழியால், எத்தனை வருடத்தில் இருவரும் சேர்வார்கள், மாப்பிள்ளையின் வருமானம் அதற்குப் போதுமா என்பது பேசப்படுவதில்லை. மூன்று வார விடுமுறைக்குள் எல்லாம் முடியவேண்டுமே. பொய் எழுதவேண்டிய நெருக்கடி முகவரின் அலுவலகத்தில் தொடங்கவில்லை. அது நமது விறாந்தையில், அந்த அவசரத்தில் தொடங்கியது.

*

ஒரு வாரம் கழித்து நண்பரின் வீட்டுக்குப் போனேன். அது பொய்தான் என்று சொன்னேன். முகவரின் கட்டைத் திருப்பிக் கொடுங்கள்; மனைவி என்றே எழுதிப் போகட்டும்; அதற்குக் காலம் எடுத்தால் எடுக்கட்டும்; அதற்கு முன் மாப்பிள்ளையிடம் இங்கே வந்து வாழ்வது பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்; எதை முடிவு செய்தாலும் மகளே செய்யட்டும் என்றேன். அவர் தலையசைத்தார். அவர் முகம் தெளிந்தது போலவும் வாடியது போலவும் இருந்தது.

இந்த முறை மகள் விறாந்தைக்கு வந்து வாப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"சரி சேர், உண்மையவே எழுதுறன். எத்தின வருசம் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பொறுமையைப் பற்றி அவளுக்கு உபதேசம் செய்ய நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பொறுமையின் செலவு முழுவதும் அவளுடையது, அதில் ஒரு நாளைக்கூட நான் செலுத்தப்போவதில்லை. உண்மையைச் சொல்லும்படி ஒருவருக்கு அறிவுரை கூறுபவர், அந்த உண்மைக்கு அவர் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொண்டே கூறவேண்டும். அன்று நான் கற்றது அது.

அவள் உள்ளே போய் மனைவிக்கான விண்ணப்பக் கட்டை எடுத்து வந்தாள். பேனாவை வாப்பாவிடம் கொடுக்கவில்லை. தானே எழுத உட்கார்ந்தாள்.